அன்றைய வழக்கு, இன்றைய பதிப்பு: பிரிட்டனின் குறுநூல்களும் பகிரங்கக் கடிதங்களும்

நாலைந்து தாள்களை மடித்து, ஓரத்தில் நூலால் தைத்து, அட்டை கட்டாமல் தெருவில் விற்கப்பட்டவை பிரிட்டனின் பழைய குறுநூல்கள். ஆங்கிலத்தில் பாம்ப்லெட் எனப்படும் இவ்வகை வெளியீட்டுக்கு யுனெஸ்கோ 1964இல் ஓர் அளவு வகுத்தது. அட்டை நீங்கலாக 5 பக்கத்துக்குக் குறையாமலும் 48 பக்கத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பருவ இதழாக இருக்கக் கூடாது. பழைய குறுநூல்கள் எல்லாம் இந்த அளவுக்குள் அடங்கிவிடுவதில்லை. நூறு பக்கத்தைத் தாண்டியவையும் உண்டு. பக்கக் கணக்கைவிட நோக்கத்தைக் கொண்டே அவற்றை அடையாளம் காண முடியும். ஒரு வரி, ஒரு சட்டம், ஒரு போர், ஒரு கைது என்று அந்த வாரம் ஊரெல்லாம் பேசிய விஷயத்தில், தம் பக்கத்தை உடனே சொல்லியாக வேண்டும் என்று யாரோ ஒருவர் எழுதியவை அவை. பகிரங்கக் கடிதமும் இதே குடும்பம்தான். அதன் தலைப்பில் மன்னர் பெயரோ அமைச்சர் பெயரோ இருக்கும். அது போய்ச் சேர வேண்டிய இடம் பொதுமக்கள்.

அவசரத்தில் பிறந்த எழுத்து அவசரமாகவே அழிந்தது. வாரம் முடிந்ததும் தாள் மளிகைக் கடைக்குப் போனது, அடுப்புக்குப் போனது. எஞ்சியவற்றை இன்றைய வாசகருக்குத் தர நினைப்பவர் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்தைப் பிழையின்றி மீட்க வேண்டும். அந்த எழுத்து யாரோடு, எதற்காக மல்லுக்கு நின்றது என்பதையும் கூடவே தர வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்ட மறுபதிப்பு பாதி வேலைதான். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீளும் இந்த மறுபதிப்பு முயற்சியின் வரலாறு அதைத்தான் காட்டுகிறது.

தாமசன் சேர்த்த தாள்கள்

இங்கிலாந்தில் அச்சுத் தொழிலைக் கட்டுப்படுத்திவந்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தை நாடாளுமன்றம் 1641இல் ஒழித்தது. அடுத்த ஆண்டு மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. தடை தளர்ந்த நேரத்தில் சண்டையும் சேர்ந்துகொள்ள, குறுநூல்கள் வெள்ளமாகப் பெருகின.

லண்டனில் செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் புத்தகக் கடை வைத்திருந்த ஜார்ஜ் தாமசன் இந்த வெள்ளத்தின் மதிப்பை உணர்ந்தார். 1640இன் இறுதியில் தொடங்கி 1661 வரை, கைக்குக் கிடைத்த ஒவ்வொரு குறுநூலையும் செய்தித்தாளையும் வாங்கிச் சேர்த்தார். மன்னர் பக்கமா, நாடாளுமன்றப் பக்கமா என்று அவர் தரம் பிரிக்கவில்லை. ஏறக்குறைய 22,000 வெளியீடுகள் சேர்ந்தன. பல வெளியீடுகளின் முகப்புப் பக்கத்தில், அது கைக்கு வந்த தேதியைத் தம் கையால் எழுதிவைத்தார். எந்தக் குறுநூல் எந்தக் குறுநூலுக்குப் பதில் என்று இன்றைய ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துவதற்கு அந்தக் கையெழுத்துத் தேதிகளே பெருந்துணை.

சேகரிப்பு பெற்ற புகழுக்கு ஒரு சான்றும் அதற்குள்ளேயே இருக்கிறது. 1647இல் மன்னர் சார்லஸுக்குக் குறிப்பிட்ட ஒரு குறுநூல் தேவைப்பட்டது. வேறெங்கும் கிடைக்காமல் தாமசனிடம் இரவல் வாங்கினார்கள். மன்னர் கையிலிருந்து அது சேற்றில் விழுந்தது. திருப்பித் தரப்பட்ட பிரதியில் சேற்றுக் கறை படிந்திருந்தது. நடந்ததைத் தாமசன் குறிப்பாக எழுதிவைத்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இந்தச் சேகரிப்பை வாங்கி 1762இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டுக் குறுநூல்களை மறுபதிப்பிடும் எவரும் தாமசன் வாசலைத் தொடாமல் போக முடியாது.

முதல் பெருந்தொகுப்புகள்

சேர்த்துவைப்பது ஒரு கட்டம். திரும்ப அச்சிடுவது அடுத்த கட்டம். ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவாக இருந்த எட்வர்ட் ஹார்லி இறந்த பிறகு, அவருடைய மாபெரும் நூலகத்தின் அச்சு நூல்களைத் தாமஸ் ஆஸ்போர்ன் என்ற புத்தக வணிகர் 13,000 பவுண்டுக்கு வாங்கினார். நூல்களோடு லட்சக்கணக்கான குறுநூல்களும் அவரிடம் வந்து சேர்ந்தன. அவற்றில் அரியவற்றைத் தேர்ந்து 1744 முதல் 1746 வரை ‘ஹார்லியன் மிசெலனி’ என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். தேர்வு செய்தவர் வில்லியம் ஓல்டிஸ். முன்னுரை எழுதியவர், பின்னாளில் ஆங்கில அகராதியால் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன். சின்னஞ்சிறு வெளியீடுகள் எப்படித் தோன்றின, அவற்றைக் காப்பது ஏன் முக்கியம் என்பதே அந்த முன்னுரையின் பொருள். குறுநூல்களை வரலாற்று ஆவணங்களாக மதித்து எழுதப்பட்ட தொடக்ககால எழுத்துகளில் அது முக்கியமானது.

அதையடுத்து, சட்ட அமைச்சராக இருந்த சோமர்ஸ் பிரபுவின் சேகரிப்பிலிருந்தும் பெருந்தொகுப்பு வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பை நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1809 முதல் 1815 வரை 13 தொகுதிகளாகப் பதிப்பித்தார். இவை எல்லாம் செல்வந்தர் வீட்டு நூலகங்களுக்கான கனத்த தொகுதிகள். சாதாரண மாணவர் கையில் பழைய எழுத்தைச் சேர்க்க விரும்பியவர் எட்வர்ட் ஆர்பர். 1868இல் அவர் தொடங்கிய ‘ஆங்கில மறுபதிப்புகள்’ வரிசையின் முதல் நூல், ஜான் மில்டன் 1644இல் எழுதிய ‘அரியோபஜிடிகா’. அச்சுக்கு முன் அரசின் உரிமம் பெற வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து, உரிமம் பெறாமலேயே அச்சிடப்பட்ட குறுநூல் அது. ஆர்பர் அதை ஆறு பென்ஸ் விலையில் தந்தார்.

மில்டனின் அந்த நூல் எப்போதெல்லாம் மறுபதிப்பானது என்று பார்த்தாலே ஒரு பாடம் கிடைக்கும். நாடகங்களுக்கு முன்தணிக்கை கொண்டுவந்த சட்டம் 1737இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டே கவிஞர் ஜேம்ஸ் தாம்சனின் முன்னுரையோடு அரியோபஜிடிகா வெளிவந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய ஆண்டான 1788இல் மிராபோ அதைத் தழுவிப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். பழைய குறுநூல் திரும்பி வருவது, அது பேசிய பிரச்சினை திரும்பி வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

மறந்துபோனவர்கள் திரும்பிய கதை

மறுபதிப்பு ஒரு நாட்டின் வரலாற்றையே திருத்தி எழுத வைத்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜெரார்ட் வின்ஸ்டன்லி. 1649 ஏப்ரலில் சர்ரே மாவட்டத்தின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் ஏழைகள் சிலரோடு சேர்ந்து பொது நிலத்தைக் கொத்தி, முள்ளங்கி போன்ற கிழங்கு வகைகளும் கேரட்டும் பீன்ஸும் பயிரிட்டவர் அவர். நிலம் எல்லோருக்கும் பொதுவான செல்வம் என்பது அவர் கட்சி. டிக்கர்கள், அதாவது மண் தோண்டுவோர் என்று அவர்களை அழைத்தார்கள். உள்ளூர் நிலக்கிழார்கள் ஆட்களை ஏவி அவர்களை விரட்டினார்கள். வின்ஸ்டன்லி தளபதி ஃபேர்ஃபாக்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1652இல் நாடாளுமன்றப் படைத் தலைவர் ஆலிவர் கிராம்வெல்லை விளித்து ‘சுதந்திரத்தின் சட்டம்’ என்ற நூலை வெளியிட்டார். பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வரலாற்று நூல்கள் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

லண்டனில் அகதியாக வாழ்ந்த ஜெர்மானிய சோஷலிஸ்ட் எட்வர்ட் பெர்ன்ஸ்டைன் 1895இல் வின்ஸ்டன்லியைப் பற்றி விரிவாக எழுதினார். 1941இல் ஜார்ஜ் சபைன் அமெரிக்காவில் அவருடைய எழுத்துகளைத் தொகுத்தார். 1973இல் வரலாற்றாசிரியர் கிறிஸ்டபர் ஹில் அவற்றைப் பெங்குவின் மலிவுப் பதிப்பாகத் தந்தார். அதன்பின் வின்ஸ்டன்லி கல்லூரி மாணவர்களும் தொழிற்சங்கத்தாரும் படிக்கும் எழுத்தாளரானார். 2009இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அவருடைய முழுத் தொகுப்பை இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. ஆராய்ச்சி, கல்விப் பதிப்பு, மலிவுப் பதிப்பு, முழுத் தொகுப்பு என்று படிப்படியாக ஏறிய பயணம் அது.

அதே காலத்து லெவலர்கள் என்னும் சமத்துவக் குழுவின் கதையும் இதுபோன்றதே. கிராம்வெல்லின் படைவீரர்கள் 1647இல் பட்னி தேவாலயத்தில் கூடி, யாருக்கெல்லாம் வாக்குரிமை உண்டு என்று வாதிட்டார்கள். ‘மக்களின் உடன்படிக்கை’ என்ற குறுநூலை முன்வைத்து நடந்த விவாதம் அது. வில்லியம் கிளார்க் என்பவர் அதைக் குறிப்பெடுத்துவைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் படிகள் ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு கல்லூரியில் கிடந்தன. சி.எச். ஃபர்த் அவற்றை 1891இல் அச்சேற்றிய பிறகுதான், சாதாரணப் படைவீரர்கள் ஜனநாயகம் பேசிய அந்த நாட்கள் வெளியுலகுக்குத் தெரிந்தன. 1934இல் வில்லியம் ஹாலர் அக்காலக் குறுநூல்களை அச்சு உருவம் மாறாத நகல் பதிப்பாக மூன்று தொகுதிகளில் தந்தார். 1944இல் லெவலர் குறுநூல்களின் இரண்டு தொகுப்புகள் வெளிவந்தன.

மன்னருக்கு ஒரு கடிதம்

பகிரங்கக் கடிதத்தின் வலிமையை அயர்லாந்தில் ஜொனாதன் ஸ்விஃப்ட் காட்டினார். அயர்லாந்துக்குச் செப்புக் காசு அடிக்கும் உரிமையை 1722இல் வில்லியம் வுட் என்பவருக்கு ஆங்கில அரசு கொடுத்தது. தரம் குறைந்த காசு நாட்டில் குவியும் என்று அஞ்சிய ஸ்விஃப்ட், ஒரு துணிக்கடைக்காரர் எழுதுவதுபோல் 1724இல் கடிதங்கள் வெளியிட்டார். எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு பரிசு என்று அரசு அறிவித்தது. டப்ளினில் யார் எழுதியது என்பது பலருக்குத் தெரியும். காட்டிக்கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அச்சிட்ட ஜான் ஹார்டிங்கைக் கைது செய்தார்கள். நடுவர் குழு வழக்கை ஏற்க மறுத்தது. 1725இல் வுட்டின் உரிமம் ரத்தானது.

லண்டனில் ‘பப்ளிக் அட்வர்டைசர்’ நாளிதழில் ஜூனியஸ் என்ற புனைபெயரில் 1769 முதல் 1772 வரை வந்த கடிதங்கள் அமைச்சர்களை நடுங்கவைத்தன. 1769 டிசம்பர் 19 அன்று வந்த கடிதம் நேராக மன்னரையே விளித்தது. இதழை அச்சிட்ட ஹென்றி வுட்ஃபால் மீது அவதூறு வழக்கு வந்தது. ‘அச்சிட்டு வெளியிட்டார், அவ்வளவுதான்’ என்ற பொருளில் நடுவர் குழு தீர்ப்புச் சொல்ல, வழக்கு நிற்கவில்லை. அதே கடிதத்தை எடுத்து மறுபதிப்பிட்ட இதழை விற்ற ஜான் ஆல்மன் மட்டும் தண்டனை பெற்றார். ஜூனியஸ் யார் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஃபிலிப் ஃபிரான்சிஸ் என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. பின்னர் கல்கத்தாவுக்கு வங்காள நிர்வாகக் குழு உறுப்பினராக வந்து, 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸோடு துப்பாக்கிச் சண்டையிட்டுக் காயம்பட்டவர் அவர்தான்.

கரோலைன் நார்ட்டன் 1855இல் விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதம் வேறு வகை. கணவரைப் பிரிந்து வாழ்ந்த எழுத்தாளர் அவர். அவர் எழுதிச் சம்பாதித்த பணமும் சட்டப்படி கணவருக்கே சொந்தம். அவர் பெயரில் ஒப்பந்தம் செல்லாது. குழந்தைகள் மீது உரிமை கோர முடியாது என்ற நிலையில் அவர் ஆண்டுக்கணக்காகப் போராடினார். நாட்டை ஆள்பவர் ஒரு பெண்ணாக இருந்தும், அந்நாட்டில் மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் தனி இருப்பே இல்லை என்பதை அவர் தம் வாழ்க்கையைக் கொண்டே விளக்கினார். 1857ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம், கணவனால் கைவிடப்பட்ட பெண்ணின் சம்பாத்தியத்துக்குப் பாதுகாப்புத் தந்தது. இருபதாம் நூற்றாண்டில் பெண்ணுரிமை வரலாற்றாசிரியர்கள் நார்ட்டனின் எழுத்துகளைத் திரும்பவும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

1917இல் முதல் உலகப் போரின் நடுவே, வீரப் பதக்கம் பெற்ற அதிகாரியும் கவிஞருமான சீக்ஃப்ரிட் சசூன், போர் தேவையின்றி நீட்டிக்கப்படுகிறது என்று அறிக்கை எழுதித் தம் மேலதிகாரிக்கு அனுப்பினார். ஜூலை 30இல் அது நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்டது. மறுநாள் ‘டைம்ஸ்’ நாளிதழில் வந்தது. ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் அவரை எடின்பரோவில் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அந்த அறிக்கை, போர்க் கவிதைத் தொகுப்புகளிலும் பள்ளிப் பாடங்களிலும் இன்றும் மறுபதிப்பாகிறது.

மறுபதிப்பே குற்றமான காலம்

புதிதாக எழுதுவது மட்டும் ஆபத்தாக இருக்கவில்லை. ஏற்கெனவே வெளிவந்ததை மலிவு விலையில் திரும்ப அச்சிட்டதற்காகவும் சிறை சென்றவர்கள் உண்டு. தாமஸ் பெய்னின் ‘மனித உரிமைகள்’ முதல் பகுதி 1791இல் மூன்று ஷில்லிங் விலையில் வந்தபோது அரசு பொறுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு இரண்டாம் பகுதி மலிவுப் பதிப்பாக எங்கும் பரவியதும் வழக்குத் தொடுத்தது. குழந்தைகளின் மிட்டாய் சுற்றிய தாளில்கூட இந்த நூலின் பகுதிகள் இருக்கின்றன என்பது அரசு வழக்கறிஞரின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. விலை குறைந்ததும் வாசகர் வட்டம் மாறியது. அரசின் அச்சம் அதுதான்.

பெய்னின் ‘பகுத்தறிவு யுகம்’ நூலை மறுபதிப்பிட்டதற்காக ரிச்சர்ட் கார்லைல் 1819இல் தண்டிக்கப்பட்டு, அபராதம் கட்டாமல் டார்செட்டர் சிறையில் ஆறாண்டு இருந்தார். நீதிமன்றத்தில் தம் தரப்பு வாதமாக அந்த நூலையே அவர் வாசித்துக் காட்டினார். நீதிமன்ற நடவடிக்கையை வெளியிடுவது குற்றமாகாது என்று எண்ணி, வழக்கு விவரம் என்ற பெயரில் நூல் மறுபடியும் அச்சானது. அடுத்து மனைவி ஜேன் சிறை சென்றார். பின் தங்கை மேரி ஆன். பின் கடைப் பணியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக. விற்பவர் முகத்தை ஒற்றர்கள் பார்க்காதிருக்கக் கடையில் ஒரு பொறியமைப்பு வைத்தார்கள். வாங்க வந்தவர் கடிகார முகம் போன்ற தட்டில் முள்ளைத் தமக்கு வேண்டிய நூலின் பெயருக்கு நகர்த்திக் காசு போட்டால், தடுப்புக்குப் பின்னாலிருந்து நூல் வந்து விழும்.

தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஒருவரும் இந்த வரிசையில் வருகிறார். சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1832இல் எழுதிய குடும்பக் கட்டுப்பாட்டுக் குறுநூல் ஒன்று இங்கிலாந்தில் பல்லாண்டு ஓசையின்றி விற்றுவந்தது. பிரிஸ்டல் நகரப் புத்தக வியாபாரி ஒருவர் அதை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். அதைச் சோதனை வழக்காக்கத் துணிந்த சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் 1877இல் நூலை மறுபதிப்பிட்டு, காவல் துறைக்கு முன்கூட்டியே தகவல் தந்து, தாங்களே கடையில் நின்று விற்றார்கள். அந்தப் பதிப்பு ஒரு முன்மாதிரி. நோல்டன் சொல்வதையெல்லாம் தாங்கள் ஏற்கவில்லை, விவாதிக்கும் உரிமைக்காகவே வெளியிடுகிறோம் என்று பதிப்புரையில் தெளிவாகச் சொன்னார்கள். காலாவதியான மருத்துவத் தகவல்களைத் திருத்த ஒரு மருத்துவரின் குறிப்புகளைச் சேர்த்தார்கள். ஆறு மாதச் சிறை விதித்த தீர்ப்பு மேல்முறையீட்டில் சட்ட நடைமுறைக் காரணத்தால் நீங்கியது. இந்த வழக்கால் நூல் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. பெசன்ட்டோ தம் மகளை வளர்க்கும் உரிமையை இழந்தார். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, பிரம்மஞான சபையின் தலைவராக 1933இல் அங்கேயே மறைந்தவர் அவர்தான்.

ஆர்வெலும் ரெனால்ட்ஸும்

நவீன வாசகருக்கென்றே குறுநூல்களைத் தொகுத்த முயற்சிகளில் மறக்க முடியாதது ‘பிரிட்டிஷ் பாம்ப்லெட்டியர்ஸ்’. முதல் தொகுதி 1948இல் ஜார்ஜ் ஆர்வெலின் முன்னுரையோடு வந்தது. ஆர்வெல் தம் காலத்துக் குறுநூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்; அச்சேகரிப்பும் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில்தான் இருக்கிறது. 1951இல் வந்த இரண்டாம் தொகுதிக்கு வரலாற்றாசிரியர் ஏ.ஜே.பி. டெய்லர் முன்னுரை எழுதினார்.

இந்தத் தொகுப்பில் ஆர்வெலோடு இணைந்து பணியாற்றிய ரெஜினால்ட் ரெனால்ட்ஸுக்கு இந்திய வரலாற்றிலும் இடம் உண்டு. 1930 மார்ச்சில் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தைக் கையில் எடுத்துச் சென்று சேர்த்த ஆங்கில இளைஞர் அவரே. ஒருவருக்கு எழுதப்பட்டு, நாடு முழுவதும் படித்த கடிதம் அது. கடிதத்தின் வலிமையை நேரில் கண்டவர் பின்னர் தம் நாட்டின் பழைய குறுநூல்களைத் தொகுத்தது பொருத்தமானது.

பதிப்பாசிரியரின் மேசையில்

மறுபதிப்பு வேலையின் முதல் கேள்வி: எந்தப் பிரதியை மூலமாகக் கொள்வது? கை அச்சுக் காலத்தில் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்துவார்கள். அதனால் ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அரியோபஜிடிகாவில் புகழ்பெற்ற ஒரு பாடபேதம் உண்டு. உண்மையான கிறிஸ்தவரைப் பற்றிய இடத்தில் ‘வழிநடக்கும்’ என்று பொருள்படும் சொல் அச்சாகியிருக்கிறது. மில்டன் அன்பளிப்பாகக் கொடுத்ததாகக் கருதப்படும் சில பிரதிகளில் ஓர் எழுத்தைக் கையால் மாற்றி, ‘போரிடும்’ என்று பொருள்படும்படி திருத்தப்பட்டிருக்கிறது. ஒரே எழுத்தில் யாத்திரிகர் போர்வீரராகிவிடுகிறார். நல்ல பதிப்பாசிரியர் ஒன்றைத் தேர்ந்து, மற்றதை அடிக்குறிப்பில் தருவார். சொல்லாமல் மாற்றுபவர் வாசகரை ஏமாற்றுகிறார்.

இரண்டாவது, எழுத்துருவும் எழுத்துக்கூட்டலும். அக்கால அச்சில் எஸ் எழுத்து நீண்டு, எஃப் எழுத்தைப் போலவே தோன்றும். யு, வி எழுத்துகள் இடம் மாறி வரும். ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்துப் பதிப்பித்தவர்களின் அனுபவம் இதற்கு நெருங்கியது. ஆய்வாளர்களுக்கு மூலத்தின் எழுத்துக்கூட்டல் தேவை. பொது வாசகருக்கு இன்றைய எழுத்துக்கூட்டல் போதும். ஆனால் சொல்லையும் வாக்கிய அமைப்பையும் தொடக் கூடாது. எதை மாற்றினோம், எதை விட்டோம் என்பதைப் பதிப்புரையில் சொல்லிவிடுவது நேர்மை.

மூன்றாவது, தேதி. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. மன்னர் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டது ஜனவரி 30இல். ஜனவரியில் ஆண்டு பிறக்கும் இன்றைய கணக்கில் அது 1649. அந்நாளைய தாள்களில் அது 1648 என்றே இருக்கும். இதை அறியாத பதிப்பாளர் குறுநூல்களை ஓராண்டு முன்னால் தள்ளிவிடுவார். பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வந்து நிற்கும்.

நான்காவது, எதிர்த்தரப்பு. எட்மண்ட் பர்க் 1790 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து, பாரிஸில் இருந்த ஓர் இளைஞருக்கு எழுதும் கடித வடிவில் நூல் வெளியிட்டார். சில வாரங்களிலேயே மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பர்க்கையே விளித்து, பெயர் போடாமல் பதில் எழுதினார். அடுத்த ஆண்டு பெய்ன் எழுதினார். பர்க்கைப் படிக்காதவருக்குப் பெய்ன் எங்கே குத்துகிறார் என்பது தெரியாது. 1984இல் மரிலின் பட்லர் இரு தரப்பு எழுத்துகளையும் ஒரே தொகுப்பில் கொண்டுவந்தது அதனால்தான் இன்றும் மதிக்கப்படுகிறது.

கடைசியாக, உரிமை. பிரிட்டனில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. இந்தியாவில் 60 ஆண்டு. வின்ஸ்டன்லியும் ஸ்விஃப்ட்டும் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டார்கள். சசூன் மறைந்தது 1967இல். ஆகவே அவர் எழுத்துக்குப் பிரிட்டனில் 2037 முடியும் வரை காப்புரிமை நீடிக்கும். மூலம் பொதுவானாலும், பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புகளும் அவருக்கே உரியவை.

கணினித் திரையில்

1938இல் யூஜின் பவர் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், பிரிட்டிஷ் மியூசியத்தின் பழைய அச்சு நூல்களை நுண்படச் சுருளில் பதிவுசெய்தது. அந்தப் படங்களே பின்னர் கணினித் தரவுத்தளமாயின. மிச்சிகன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் முன்னின்று, பழைய நூல்களைத் தட்டச்சு செய்து தேடக்கூடிய பாடமாக மாற்றின. 2015 ஜனவரி 1 அன்று அவற்றில் சுமார் 25,000 நூல்கள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன.

அதே 2015இல் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகம் தன் ஒரு கோடியே இருபது லட்சமாவது அச்சு நூலாகப் பெற்றது ஒரு குறுநூலைத்தான். கவிஞர் ஷெல்லி 1811இல் மாணவராக இருந்தபோது, சிறைப்பட்ட ஓர் ஐரிஷ் பத்திரிகையாளருக்கு ஆதரவாக எழுதிய 20 பக்க வெளியீடு. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் தொலைந்துபோனதாகக் கருதப்பட்டு 2006இல் கிடைத்த, இதுவரை அறியப்பட்ட ஒரே பிரதி. நூலகம் வாங்கிய கையோடு அதை இணையத்தில் எல்லோரும் படிக்கத் தந்தது.

வசதி பெருகியதோடு ஒரு கேடும் வந்திருக்கிறது. பழைய நூலின் படத்தைக் கணினியே எழுத்தாக மாற்றட்டும் என்று விட்டுவிட்டு, மெய்ப்புப் பார்க்காமல், கேட்பவருக்கு மட்டும் அச்சிட்டு விற்கும் பதிப்புகள் சந்தையில் குவிந்துள்ளன. நீண்ட எஸ் எல்லாம் எஃப் ஆகியிருக்கும், பக்கங்கள் விடுபட்டிருக்கும், எந்த ஆண்டுப் பதிப்பு என்ற தகவலே இருக்காது.

வாசகர் கவனிக்க வேண்டியவை

பழைய குறுநூலின் மறுபதிப்பை வாங்குபவர் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. எந்தப் பிரதியை வைத்து அச்சிட்டார்கள் என்ற தகவல் இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டலில் செய்த மாற்றங்களைச் சொல்லியிருக்க வேண்டும். எழுதப்பட்ட மாதமும் அப்போது நடந்துகொண்டிருந்த வழக்கும் முன்னுரையில் விளக்கப்பட்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பதற்குக் குறைந்தபட்சம் ஒரு குறிப்பாவது இருக்க வேண்டும். இந்த நான்கும் உள்ள சிறு பதிப்பு, பளபளக்கும் அட்டையோடு வெறும் மூலத்தை மட்டும் தரும் பதிப்பைவிடப் பல மடங்கு பயன் தரும். குறுநூலை எழுதியவர் தம் காலத்து மக்கள் இரு பக்கமும் கேட்டு முடிவெடுக்கட்டும் என்றுதான் எழுதினார். இன்று படிப்பவரும் அப்படியே இரு பக்கமும் படித்து முடிவெடுப்பதே அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை.